ரிவால்

கப்பல் சமையற்கட்டில் எஸ்தேபான்
பந்தாட்டம் பார்க்கும்போதெல்லாம் காறித் துப்பும் சொல்.
எதிரி என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

இப்போது இடும்பாவனம், கடைமடை, இரவு இரண்டு மணி.
மேட்டூர் திறந்து இருபத்தாறாம் நாள்
கணுக்கால் நனைய வந்திருக்கிறது தண்ணீர்.
மடைக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் வைரக்கண்ணு.
இரண்டு மண்வெட்டி,
திருத்துறைப்பூண்டி கோர்ட்டில் பதினோரு வருஷமாய் ஒரு வழக்கு.

தூக்கம் விரட்டச் செல்போனில் அந்தச் சொல்லைத் தோண்டினேன்.
ஸ்பானிய மொழிக்கு அது லத்தீன் சீதனம்.
ரீவுஸ் என்றால் வாய்க்கால்.
ரிவாலிஸ், உன் வாய்க்காலிலேயே தண்ணீர் எடுப்பவன்.
அவ்வளவுதான்.
பகை பிற்பாடு வந்து படிந்தது, வண்டல் மாதிரி.

ரோமாபுரியிலும் எவனோ
ராத்திரியோடு ராத்திரியாக மடையை அடைத்திருக்கிறான்.

சிரித்துவிட்டேன்.
"என்னடா?" என்றது இருட்டு.
சொல்லியிருக்கலாம். அவனுக்கு எதற்கு லத்தீன்?
என் பாட்டனும் அவன் பாட்டனும் ஒரே வயிறு.
பங்காளி என்றாலே
அடுத்த வார்த்தை சண்டை என்று
அவனுக்குத் தெரியாதா.

தீப்பெட்டி கேட்டான். எறிந்தேன்.
நாலு மணிக்கு என் முறை.
பீடி பற்றும்போது பார்த்தேன்,
மண்வெட்டியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.
நானும்தான்.