பதினொரு நாள்

காலை ஏழு மணி. இன்னும் விடியவில்லை.
புன்தா அரேனாஸில் ஜூலை அப்படித்தான்.
கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து சொன்னது:
இன்று பெரினாவுக்குத் தொண்ணூற்று மூன்று வயது,
வாழ்த்து அனுப்பலாமே.
கூடவே ஒரு கேக், மூன்று பலூன்.

பெரினா என்று எனக்கு யாரையும் தெரியாது.

ஜலசந்திக் காற்று
தகரக் கூரையைப் பிய்த்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தது.
பெயரைத் தொட்டேன்.
"உயிருடன் இருப்பவர்.
அவரது அந்தரங்கம் கருதி
விவரங்கள் மறைக்கப்பட்டுள்ளன."

ஏற்றியது நான்தான்,
போன மார்ச்சில், இரண்டு விடுமுறை நாளில்,
குடும்பத்தில் இருநூற்றுப் பதினான்கு பேரை.
ஒவ்வொருவரையும் முகம் பார்த்தா ஏற்றினேன்?
மூட்டை தூக்குகிறவன்
மூட்டையைப் பிரித்தா பார்ப்பான்?

வந்த வழியே திரும்பிப் போனேன்.

குறுந்தகட்டில் அவள் இருந்தாள்,
இறந்த ஆண்டுக்கான கட்டம் மட்டும் காலி.
அதற்கு முந்தையது பிளாப்பி.
அதைப் படிக்கும் கருவி வால்பரைசோவிலிருந்து வந்தது.
கருவியின் விலையைவிடத் தபால்கூலி அதிகம்.
"செத்தவர்களைப் பார்க்க
இவ்வளவு செலவா?" என்றான் தம்பி யெர்கோ.
செருகினேன். நெஞ்சுச் சளியை இழுப்பதுபோல்
கர்ர், கர்ர் என்றது. நின்றது. மறுபடி கர்ர்.
பிறகு பெயர்கள் வந்தன,
எங்கள் மொழியின் கொக்கி வைத்த எழுத்துகள் நின்ற இடத்திலெல்லாம்
சின்னச் சின்னக் கட்டங்களோடு,
பல் விழுந்த வாய்கள் மாதிரி.

பெரினா. பிறப்பு 1931. வயது 1.

அந்தோஃபகாஸ்தாவில் இருக்கும் ட்ரீனாவை அழைத்தேன்.
தொண்ணூற்று நான்கில் தட்டச்சியது அவள்தான்.
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:
"அந்த நிரல் பூஜ்யத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை.
ஒன்றாவது போடு என்று சிவப்பாகக் கத்தியது.
ராத்திரி நேரம், தூக்கம் வேறு. போட்டுவிட்டேன்.
ஒரு வருஷம்தானே, கொடுத்தால் என்ன?"

அடுத்த இயந்திரம் பார்த்தது:
ஒன்று என்பது ஓர் ஆண்டில்லையே. அழித்தது.
அதற்கடுத்தது பார்த்தது:
சாவு இல்லையே. அப்படியென்றால் உயிர்.
யாரும் பொய் சொல்லவில்லை.

தோன்கோ சித்தப்பாவின் தட்டச்சுத் தாள்களில்
"பெ., குழந்தை" என்று மட்டும்.
அவருடைய ஸ்பானிய இயந்திரத்தில் கொக்கி கிடையாது.
மிலிச் என்று கப்பலேறி வந்தவர்கள்
அன்று பிற்பகலில் மிலிக் ஆனோம்.
என் கடவுச்சீட்டிலும் அதுதான்.

எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நோட்டு.
கொள்ளுத்தாத்தா லூக்ஷா
கம்பளிக் கிடங்கில் கணக்கெழுதியவர்.
இதைத் திறக்கக் கருவி வேண்டாம்,
சன்னல் பக்கம் கொண்டுபோனால் போதும்.

பொதி 40, ஈரம்.
பொதி 41, நன்று.
பெரினா, விடியுமுன், பதினொரு நாள்.
பொதி 42

நாற்பத்திரண்டுக்கு எடை இல்லை.
பென்சில் அங்கே கொஞ்சநேரம் நின்றிருக்கிறது,
ஒரு கரும்புள்ளி.

உடனே திருத்தியிருக்கலாம்.
பத்தொன்பதாம் தேதி தெரிந்தது எனக்கு,
முப்பதுவரை கை வைக்கவில்லை.
"வேலை அதிகம்" என்று யெர்கோவிடம் சொன்னேன்.
அந்த நாள்களில் ஒருமுறை
கேக்குக்கு அடியிலிருந்த பொத்தானை
அழுத்திக்கூடப் பார்த்தேன்.
வாழ்த்து எங்கே போயிற்றோ.

முப்பதாம் தேதி இரவு தேதியை இட்டேன்.
உறுதிதானா என்று கேட்டது.
ஆம் என்றேன்.
வயது: 0
என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டது.
இப்போது பூஜ்யத்துக்கு இடமிருக்கிறது.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
அடுத்து இதை வேறெதிலோ ஏற்றப்போகிறவருக்கு.
இந்தப் பூஜ்யம் பிழையல்ல. உள்ளே பதினொரு நாள் இருக்கிறது.
உங்கள் கருவி மறுத்தால் பென்சில் எடுங்கள்.
இப்படிக்கு, பெரினாவின் தம்பி பேரப்பிள்ளை

இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காது என்றது.

கடைசி வரியை எடுத்துவிட்டேன்.