பத்து மீட்டருக்கு ஆறு எலுமிச்சை

ஓட்டமானி பழுதாகி ஆய்வகப் பெட்டிக்குள் கிடந்தது.
எலுமிச்சை போதும் என்று சொல்லிவிட்டார்கள்.
மேலப்பாளையம் சந்தை முக்கில் ஆறு வாங்கினோம்,
புளியங்குடிக் காய், முப்பது ரூபாய்.
துறையில் காட்டவேண்டும், பில் கொடுங்கள்
என்றாள் பிரம்மசக்தி.
கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

பாளையங்கால் கரையில்
வேம்பின் அடியில் ஒரு கயிறு,
பத்து மீட்டர் தள்ளி மின்கம்பத்தில் இன்னொன்று.
இடையில் ஓடும் தண்ணீருக்கு என்ன வேகம்?
தாளில் இதை எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன்.
பாய்ம இயக்கவியலில் தொண்ணூற்று நான்கு.
தாளில் கால்வாய் ஒரு சரிவகம்,
அதன் அடி
ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.

முதல் காய் முப்பத்தொரு வினாடி.
இரண்டாவது இருபத்தொன்பது.
"பாத்தியா, சூத்திரத்துக்கு நாம தேவையே இல்ல"
என்றான் மஸ்தான்.
மூன்றாவது அமலைச் செடிக்குள் போனது,
வெளியே வரவில்லை.
கையில் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
எப்போது நிறுத்துவதென்று தெரியாமல் நின்றேன்.
நான்காவது, முங்கி எழுந்த ஒரு பையன் கையில்.
தரமாட்டானாம்.
"தண்ணில வந்துச்சு. எனக்குத்தான்."
ஐந்தாவது கரையைத் தடவித் தடவிப் போய்
நாற்பத்து நான்கு.

துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
"யாருக்குட்டி கழிப்பு கழிக்கிய, பட்டப்பகல்ல?"
"தண்ணிக்கு" என்றாள் பிரம்மசக்தி,
நோட்டிலிருந்து தலை எடுக்காமல்.

ஆழம் பார்க்க நான் இறங்கினேன்.
ஊன்றிய இடத்தில் கோல் நிற்கவில்லை.
முதலில் தண்ணீர்.
பிறகு தண்ணீரா சேறா என்று சொல்லமுடியாத ஒன்று.
பிறகு சேறு.
ஏதோ ஒரு பழஞ்சேலை கால்விரலில் சுற்றிக்கொண்டது,
அதற்கும் கீழே இறங்கியது கோல்.
"அடி தட்டுதா?" கரையிலிருந்து மஸ்தான்.
அறுபத்திரண்டில் தட்டிய மாதிரி இருந்தது.
கொஞ்சம் அழுத்தினால் எழுபத்தொன்று.
அவனே இறங்கிவந்து
உடம்பையெல்லாம் கோலில் சாய்த்து
எண்பத்தெட்டு என்றான்.
மூன்றும் ஒரே இடம்.

சார் பாலத்தின் மேல் போனில் இருந்தார்.
கேட்டதற்கு, வாயைப் பொத்திக்கொண்டு
"சராசரி போடுங்க" என்றார்.

போடலாம்.
எழுபத்து மூன்று புள்ளி ஏழு.
அந்த ஆழத்தில் என் கால் எதையும் தொடவில்லை.

"காணாமப் போனதுக்கெல்லாம் முப்பதுன்னு எழுது,
யாருக்குத் தெரியப்போவுது?"
மஸ்தான் கேட்டதில் தப்பில்லை, மணி ஒன்றரை, பசி.
எனக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது,
அவன் முந்திக்கொண்டான், அவ்வளவுதான்.
பிரம்மசக்தி பேனாவைத் தரவில்லை.
குறிப்பு என்ற பத்தியில்,
யாரும் நிரப்பாத அந்த ஒடுங்கிய கட்டத்தில்
நுணுக்கி நுணுக்கி எழுதினாள்:
மூன்று, அமலையில் சிக்கியது.
நான்கு, சிறுவன் எடுத்துக்கொண்டான்.
ஆழம், தெரியவில்லை, மூவரும் முயன்றோம்.

ஆறாவதை விடவே இல்லை.
நனைந்த பேண்டோடு சீட்டில் உட்காராதே என்று
கண்டக்டர் சத்தம் போட்ட பேருந்தில்
அது என் பையில் உருண்டுகொண்டு வந்தது.

தேர்வில் ஐந்து மதிப்பெண்:
மிதவை முறையைப் படத்துடன் விளக்குக.
வேகமாகத்தான் எழுதிப்போனேன்.
படத்தில் அடிக்கோடு வந்தது,
ஸ்கேலை எடுத்தேன்,
வைத்துவிட்டேன்.
வெறுங்கையால் புள்ளி புள்ளியாகப் போட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
அரை மதிப்பெண் போயிற்று.
கேட்கப் போகவில்லை.

இப்போதும் பேருந்து அந்தப் பாலத்தைத் தாண்டும்போது
ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறேன்,
அமலை பூத்திருக்கிறது ஊதாவாக,
மூன்றாவது வந்துவிட்டதா என்று.