ஒன்பது புள்ளி நான்கு

"நேத்து இனிப்பே தொடலம்மா" என்கிறார் முனிரத்தினம்,
ஊசிக்குக் கையை நீட்டியபடி.
நேற்றை யார் கேட்டது?
இந்தச் சோதனை மூன்று மாதம் கேட்கும்.

காவேரிப்பட்டணம் கூழ் ஆலையில்
பெங்களூரா இறக்கிய வைகாசியும் ஆனியும்
இந்தச் சிவப்பில் ஒட்டியிருக்கின்றன,
அவர் சட்டைக்கையில் காய்ந்த சாறு மாதிரி.

சாறு ஊறிய தார்ப்பாய் கயிற்றை விடாதாம்.
லாரி வந்து நின்றும்
லோடு இறங்காதாம்.
உள்ளேயும் அதே கதைதான் அண்ணா.
விரலில் மாட்டிய கருவி
தொண்ணூற்றெட்டு காட்டுகிறது:
நுரையீரலில் ஏற்றியது குறைவில்லை.
சர்க்கரை ஒட்டிய அணுதான்
கால்விரல் வரை போயும்
பிடித்த பிடி தளராமல்
கொஞ்சம் காற்றைத் திருப்பிக் கொண்டுவருகிறது.

கொஞ்சம்தான்.
குறுகிப்போன குழாய்கள்மேல்தான் பெரிய வழக்கு.
ஆனாலும் பசித்த விரலுக்கு
கொஞ்சம் என்பது கொஞ்சமா?

செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியை
முதலில் பார்த்தது அவர் மகள்.
அவருக்கு வலிக்கவில்லை.

நூற்றிருபது நாள்தான் ஓர் அணுவுக்கு ஆயுள்.
இன்று காலை எலும்புக்குள் பிறந்தவை
இன்னும் எதையும் பிடிக்கவில்லை.
இதை எப்படிச் சொல்ல என்று யோசிப்பதற்குள்
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார்.
பை பிசுபிசுக்கிறது.