இடைநிலை

வினிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
நிலக்கீழ் அறையில், ஹீட்டருக்குப் பக்கத்தில்
காதில் ஹெட்ஃபோனோடு இருக்கிறேன்.
இங்கே என் பெயர்
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
அவர்கள் சொல்வதை இவர்களுக்கும்
இவர்கள் சொல்வதை அவர்களுக்கும்,
நிமிடத்துக்கு அறுபது சதம்.

காலையில் ஒரு காப்புறுதி அழைப்பு.
"கார்க் கண்ணாடி உடைஞ்சது" என்றார் ஒருவர்.
கெட்டிக்காரர். ஞ் என்ற மெல்லெழுத்தை
மெத்தை மாதிரி இடையில் போட்டிருந்தார்.
ஆங்கிலத்தில் மெத்தை இல்லை.
தானாக உடைந்தாலும் ஆள் உடைத்தாலும்
அங்கே ஒரே சொல்.
சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றினேன்.

எங்கள் இறந்தகாலம் அப்படி விடாது.
எரிந்ததா, எரித்தாயா.
பிரிந்தீர்களா, பிரித்தார்களா.
ஒரு மெய்யெழுத்து மாறினால் போதும்,
வாக்கியத்துக்குள் ஒருவன் வந்து நிற்பான்
கையில் தீப்பெட்டியோடு.

பதினொன்று பத்துக்கு
பிராண்டனிலிருந்து ஒரு மருத்துவமனை.
இதற்கு முன் கர்ப்பம் தரித்ததுண்டா என்றாள் தாதி.
கேட்டேன்.
அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது.
ஓர் ஆண் இருமினார்.
"ஒண்டு" என்றாள் அவள். "அது கலை..."

மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.
அடுத்து வர இருந்தது ஞ்ச-வா, ச்ச-வா?
அதுவாகப் போனதா, அவளாக அனுப்பியதா?
படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம்.
இந்த ஓர் இடத்தில் மட்டும்
ஆங்கிலமும் எங்களைப் போலக் கண்டிப்பு.

விதிப்படி அறிவித்தேன்:
மொழிபெயர்ப்பாளர் கடைசிச் சொல்லை
மீண்டும் கேட்க விரும்புகிறார்.
என்னை நானே படர்க்கையில் சொல்லவேண்டும்.
பத்து வருடமாயிற்று, இன்னும் கூசுகிறது.

மறுபடி அந்த இருமல்.
எங்கோ ஓர் இயந்திரம் மூன்று முறை பீப் என்றது.
பிறகு அவள்,
"போச்சு."

போச்சு.
வல்லெழுத்துத்தான், இரட்டித்தது வேறு.
ஆனாலும் உள்ளே ஆள் இல்லை.
பஸ் போச்சு, கரண்ட் போச்சு, மானம் போச்சு.
யார் கொண்டுபோனது என்று
எவரும் கேட்பதில்லை.
முன்வாசலில் ஆள் நிற்கும் வீட்டில்
யாரோ பூட்டாமல் விட்ட பின்கதவு.

அது போய்விட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.
கூட்டவில்லை, குறைக்கவில்லை.
தாதி கொஞ்ச நேரம் பேசவில்லை.
பேனா மேசையில் தட்டுப்பட்டது, இரண்டு தரம்.
பிறகு மெதுவாக,
கணவர் சற்று வெளியே இருக்கலாமா?

அதையும் தமிழாக்கினேன்.
"ஏன்?" என்றார் அவர்.
அதையும் ஆங்கிலமாக்கினேன்.
கதவு சாத்தும் ஓசை கேட்டது.

அதன்பிறகு அவள் சொன்ன வினைமுற்றை
எழுத எனக்கு அனுமதி இல்லை.

அழைப்பு பத்தொன்பது நிமிடம்.
தேநீர் ஆறிப்போயிருந்தது.
யாரும் அதை ஆற்றவில்லை.