நாலாவது வெள்ளை

ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரெதிரே என் கடை.
போட்டோக்கொப்பி, லமினேற்றிங், பாஸ்போட் படம்.
கிளிநொச்சியின் பாதி நெஞ்சுக்கூடுகள்
இந்தக் கண்ணாடியில் குப்புறக் கிடந்து எழும்பியவை.
முகம் மறந்துபோகும்.
விலா எலும்பு மறக்காது.

இன்றைக்கு வந்தவள் யோகச்செல்வி,
இரணைப்பாலையிலிருந்து, காலை முதல் பஸ்ஸில்.
பழுப்பு உறைக்குள் எக்ஸ்ரே. நாலாய் மடித்த கடிதம்.
பலாலியில் பிளேன் ஏறப் போகிறாள்;
சென்னையில் தங்கச்சியின் பிள்ளைக்குக் காதுகுத்து.
"மெஷின் கத்துமாம் அக்கா.
கத்தினால் தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போவினமாம்.
கடுதாசி இருந்தால் கெதியா விடுவினமாம்.
இங்கிலீசில கிடக்கு. என்ன எழுதியிருக்கெண்டு சொல்லுங்கோ."

கடைக்குள் இன்னும் மூன்று பேர்.
அடையாள அட்டையோடு ஒரு ஓட்டோக்காரர்,
பரீட்சை விண்ணப்பத்தோடு இரண்டு பெடியள்.
காற்றாடியை ஐந்துக்குத் திருப்பினேன்.
அந்தக் கடகடப்புக்குக் கீழே
அவளுக்கு மட்டும் கேட்க வாசித்தேன்:
இடது தோளில் ஒன்று.
ஐந்தாம் விலாவுக்குக் கீழ் ஒன்று.
முள்ளந்தண்டுக்கு அரை அங்குலம் தள்ளி ஒன்று.
உலோகத் துண்டுகள். எடுப்பது ஆபத்து.

"எங்க பட்டதெண்டு போட்டிருக்கோ?"
இல்லை.
"எந்த வருசம் எண்டு?"
இல்லை.
"அப்ப சரி," என்றாள்,
எக்ஸ்ரேயை உறையிலிருந்து இழுத்தாள்.

ஓமந்தையில் எனக்குப் பத்தொன்பது வயது.
தறப்பாள் மறைப்புக்குள்ளே சீருடைப் பெண், என் வயதுதான்;
கை குளிர்ந்திருந்தது.
பையிலிருந்த மாதத் துணியையும் விரித்துப் பார்த்தாள்,
பிறகு முன்பிருந்தபடியே மடித்து வைத்தாள்.
நான் மறைப்பின் கிழிசலால்
றோட்டோரம் நின்ற ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த மாட்டின் கொம்பில் நீலப் பெயின்ற்.

படச்சுருளுக்கு மேலே வெள்ளைத்தாள் வைத்து மூடினேன்.
பச்சை வெளிச்சம் தோளிலிருந்து இடுப்புக்கு நடந்து போனது.
சூட்டோடு வந்த தாளில்
எண்ணிப் பார்த்தேன். நாலு.
"மூண்டெண்டுதானே எழுதியிருக்கு?
வலப்பக்கத் தோளில, இது என்ன?"

குனிந்து பார்த்தாள்.
பார்த்துவிட்டுச் சிரித்தாள், வாயைப் பொத்தி.
"அது ஷெல் இல்லை அக்கா. ஊக்கு.
எல்லாத்தையும் கழட்டச் சொன்னவை.
படம் எடுத்த தம்பி புதுசு,
வெட்கத்தில சுவரைப் பார்த்துக்கொண்டு நிண்டவன்.
நான் உள்சட்டை நாடாவில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டேல்ல."

மறந்துபோனியோ?

"இல்லை."

அதற்குப் பிறகு அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஓட்டோக்காரர் செருமினார்.
கறுப்பு மாக்கர் எடுத்து
புதிய பிரதியில் அந்தச் சின்ன வளைவின் மேல்
இரண்டு தரம் பூசினேன்.
நுரையீரலின் கறுப்போடு கறுப்பாய்ப் போனது.
மூன்று துண்டுகள் மூன்றாகவே இருந்தன,
கடிதத்தில் உள்ளபடி.

காசு வேண்டாமென்றேன்.
"பிறகு நான் உங்களுக்குக் கடனெல்லோ?" என்று
இருபது ரூபாயை மேசையில் வைத்து, அதன்மேல்
ஸ்டேப்ளரையும் தூக்கி வைத்துவிட்டு,
உறையை மார்போடு அணைத்தபடி
றோட்டைக் கடந்தாள்.

பூசாத முதல் பிரதி என்னிடம் மிஞ்சியது.
கிழித்தேன். போதாதென்று
பின்பக்கம் கொண்டுபோய், குப்பைக் கிடங்கில்,
எரியும்வரை நின்றேன்.

இரவு கடை பூட்டும்போதுதான் நினைவு வந்தது.
போன மாசம் மெஷின் திருத்த வவுனியாவிலிருந்து வந்த பெடியன்
மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சொன்னவன்:
"இதுக்குள்ளயும் ஒரு ஞாபகம் கிடக்கு அக்கா.
நீங்க எடுத்ததெல்லாம் கொஞ்சக் காலம் வைச்சிருக்கும்."
கொஞ்சக் காலமென்றால் எவ்வளவு என்று
அன்றைக்கு நான் கேட்கவில்லை.

சுவரிலிருந்த சுவிட்சை நிறுத்தினேன்.
பிளக்கையும் இழுத்து விட்டேன்.
பச்சை லைட் உடனே அணையவில்லை.