சாட்சிக்கான கட்டம்

ஷார்ஜா ரோலாவில்
பழக்கடைக்கும் சிம்கார்டு விற்பவனுக்கும் நடுவே
ஒன்றரை ஆள் அகலத்தில் எங்கள் டைப்பிங் சென்டர்.
இடமிருந்து வலமாக அழுகிறவர்களை
வலமிருந்து இடமாக அச்சடித்துத் தருவது
என் வேலை.
பக்கத்துக்கு இருபது திர்ஹம். முத்திரைக்குத் தனி.

எமல்டா வந்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
மணப்பாட்டுக்காரி.
பல் மருத்துவமனையில் கருவிகளைக் கொதிக்க வைக்கிறவள்.
உறைக்குள் உறை, அதற்குள் இன்னோர் உறை,
கடைசியில் ஒரு கடன்.

"மன்னிப்புக் கடிதம் ஒன்னு அடிக்கணும் பாய்."
யாருக்கு?
"யாருக்குன்னாலும். போலீஸுக்கு, கோர்ட்டுக்கு, அந்த ஆளுக்கு."

வாங்கியது ஆறாயிரம்,
பழைய முதலாளி பூட்டிவைத்த பாஸ்போர்ட்டை
அவனிடமே விலைக்கு வாங்க.
கட்டியது ஒன்பதாயிரம், ரசீது இல்லாமல்.
கேட்பது முப்பத்தெட்டாயிரம், செக்கோடு.

செக்கின் நகலை விளக்கடியில் பிடித்தேன்.
கையெழுத்து நீல மை, தமிழில்,
படியேறுவதுபோல் நின்று நின்று போகும் எழுத்து.
தொகை கறுப்பு மை.
அது ஓடிவந்து எழுதிய கை.

வெறும் செக்கிலா போட்டீங்க?
"செக்கும் அவங்க சொன்னதுதான், பேனாவும் அவங்க தந்ததுதான்."

பிறகு போனைக் காட்டினாள், திரையைப் பாதி மூடியபடி.
அவள் படம். கீழே 'திருடி' என்று மூன்று மொழிகளில்.
அறையிலிருந்த ஏழு பேருக்கும் அனுப்பியிருந்தார்கள்.
மருத்துவமனை வரவேற்பு மேஜைக்கும்.
அதைக்கூடத் தான் செய்த தப்பைப்போலத்தான் காட்டினாள்.

ஒப்பந்தத்தைப் புரட்டினேன்.
கடைசிப் பக்கத்தில், ஓரத்தில்,
எங்கள் சென்டரின் முத்திரை.
'மீம்' எழுத்துக்குக் கீழே மெல்லிய ஒரு கீறல்.
எங்கள் பிரிண்டரின் உருளை காயம்பட்டது.

நான் அடித்தது.
தொகை வருமிடத்தில் புள்ளி விடச் சொன்னார்கள், விட்டேன்.
எண்ணிப் பார்த்தேன், இருபது புள்ளி.
இருபது திர்ஹம்.

அவளுக்கு அரபி தெரியாது.
நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.
வாளி நிறையும்வரை நான் பேசவில்லை என்பதையும்
இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

வக்கீல் நசீமாவுக்கு போன் போட்டேன்.
வெள்ளிக்கிழமைகளில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து
காசு வாங்காமல் காது கொடுக்கிறவர்.
"மன்னிப்பைக் கிழிச்சுப் போடுங்க, உதுமான்.
புகார் அடிங்க.
செக் நகல், அந்தப் படம், மெசேஜ், ஒன்னும் அழிக்கவேண்டாம்.
பணம் கட்டின தேதி ஞாபகமில்லன்னா
சம்பளத்துக்கு மறுநாள்னு இருக்கட்டும்,
மருத்துவமனைக் கணக்குல சம்பளத் தேதி இருக்கும்."

எமல்டா போனை நோக்கிக் குனிந்தாள்.
"கடன் வாங்கினவ புகார் குடுக்கலாமாம்மா?"

"வாங்கினதுக்குக் கணக்கு இருக்கு, அதைப் பேசிக்கலாம்.
உங்களுக்குப் பண்ணினது கணக்கு இல்ல."

படிவம் திரையில் விரிந்தது.
அவள் விரல் தானாகவே போய் நின்றது
எதிர்மனுதாரர் கட்டத்தில்.
இல்லம்மா, இந்தப் பக்கம், வலது ஓரம்.
இந்த மொழி தொடங்குவது அங்கேதான்.

பெயர். தகப்பன் பெயர். நேர்ந்தது என்ன.
நேர்ந்ததைச் சொல்ல அவளுக்கு நாற்பது நிமிடம்.
நடுவில் ஒருமுறை எழுந்து
பழக்கடை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அடியில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது: சாட்சி.
"எனக்கு யாரும் இல்லையே" என்றாள்.

பதினோரு வருடம் ஊரார் பெயரெல்லாம் அடித்த விசைப்பலகை.
என் பெயர் அந்த மொழியிலேயே பிறந்தது,
இருந்தும் இரண்டு தடவை பிழை வந்தது.
உதுமான் கனி. தொழில்: தட்டச்சு.
காலையில் முதலாளி என்ன சொல்வாரென்று
நினைக்காமல் இல்லை.

பிரிண்டர் இருமி, சூடாக ஒரு பக்கம் தந்தது.
'மீம்' எழுத்துக்குக் கீழே அதே கீறல்.
பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குத் தெரியும்
இரண்டு தாளும் ஒரே வாயில் பிறந்தவை என்று.

மேஜைக்கு அடியில் புது உருளை இருந்தது,
உறை பிரிக்காமல்.
அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டேன்.