அட்வான்ஸ்

"பதினோரு மாசத்துக்குக் குறைஞ்சு எழுதறதில்லீங்"
என்றார் நாச்சிமுத்து அண்ணன்.
எனக்கு வேலை ஆறு மாதம்தான்.
மிச்ச ஐந்து மாதம் யார் குடியிருப்பது என்று கேட்டேன்.
"அது பத்திரத்துல இருக்குமுங் அம்மிணி,
நீங்க எதுக்கு இருக்கோணும்"
என்று பேனாவை என் பக்கம் திருப்பினார்.

கணபதியில், ஒரு லேத் பட்டறையின் தலைமேல்
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
கரண்டு தனி, தண்ணி தனி,
அட்வான்ஸ் ஐம்பதாயிரம்.
மானாமதுரையில் அந்தக் காசுக்கு
ஒரு வருஷம் முழுவீட்டில் இருக்கலாம் என்றேன்.
"அங்க பம்பு கம்பெனி இருக்குங்ளா?"
அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனவே கட்டிலில் பாதியை விற்றேன்.
குறுக்கே வெட்டி அல்ல, நேரத்தை வெட்டி.
இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்கும் பெனிட்டாவுக்குப் பகல்,
எனக்கு இரவு.
போனில் பேரம் முடிந்தது.
சாவி மீட்டர் பெட்டிக்குள்.
ஞாயிற்றுக்கிழமை நான் ஓவர்டைம்.
மூன்று மாதம் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை.
தலையணையில் டெட்டால் வாசம்,
சீப்பில் என் முடியைவிட நீளமான முடி,
மெத்தையில் ஒரு பள்ளம்,
அது எவளுடையது என்று
இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.
எட்டு நாளைக்கு ஒருமுறை சிறுவாணித் தண்ணி வரும்,
சரியாக இருவரும் இல்லாத அரைமணியில்.

கம்பெனியில் நான் பம்புகளைச் சோதிக்கிறேன்.
தொட்டியில் இழுத்த தண்ணீர்
தொட்டிக்கே திரும்பும்.
வால்வை மூடினால் முள் எழும்:
எண்பது மீட்டர்.
தண்ணீர் ஒரு முழமும் ஏறியிருக்காது.
ஏற முடியும் என்பதற்குத்தான்
நான் கையெழுத்துப் போடுகிறேன்.
என் சம்பளச் சீட்டைப் பார்த்து
"கோயமுத்தூர் சம்பளம்ல" என்றாள் நாத்தனார்.
முள்ளைப் பார்த்துச் சொல்கிறாள் என்று
சிரித்துக்கொண்டேன்.

கட்டிலை ஒட்டிய சுவரில்
பென்சிலால் செலவெழுதுவேன்.
பால் 28.
மறுநாள் சிவப்பு மையில்: இதில் என் காபியும் உண்டு, 14 தருகிறேன்.
பஸ் 36.
சிவப்பில்: நடந்தால் இருபது நிமிஷம்தான்.
மழை, என்று எழுதினேன்.
ஒரு ராத்திரி தொகையே இல்லாமல்
பையனுக்குக் காய்ச்சல் என்று மட்டும் எழுதிவிட்டுப் படுத்தேன்.
சாயந்தரம் வந்தால் சிவப்பில்: எடை என்ன?
பதினாறு கிலோ.
அடுத்த சாயந்தரம் மருந்தின் பேர், எத்தனை மில்லி,
எத்தனை மணிக்கு ஒருதரம்.
அதற்குள் அவனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.
போனில் கேட்டிருக்கலாம்.
இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நாலாம் மாதம் கரண்டு நிறுத்தம்,
கம்பெனிக்கு லீவு.
எட்டரைக்குக் கதவு திறந்தது.
நான் நினைத்ததைவிடக் குள்ளம்.
கையில் அரைப் பாக்கெட் பால்.
கட்டில் யாருடையது என்று
ஒரு நொடி இருவரும் கட்டிலைப் பார்த்தோம்.
எழுந்து பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனேன்.
"தப்பா நெனக்காத" என்றாள், அதற்குள் தூங்கிவிட்டாள்.
கீழே லேத் ஓடவில்லை.
அவ்வளவு குறட்டையை
மூன்று மாதமாய் அந்தத் தலையணை
என்னிடம் சொன்னதே இல்லை.

கிளம்புகிற அன்று அண்ணன் கணக்கு முடித்தார்.
ஒப்பந்தம் முறிச்சதுக்கு ரெண்டு மாசம்.
"அப்புறம் செவுத்துல எழுதிப்போட்டீங்ளே,
வெள்ளையடிக்க நாலாயிரமுங்."
வாதாடவில்லை.
வேறு ஆள் பிடித்து இருந்துகொள்கிறேன் என்று
பெனிட்டா சொல்லியிருந்தாள்.
ஆள் இருக்கிற அறைக்கு
எவரும் வெள்ளையடிப்பதில்லை.
அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
நாலாயிரத்தை எண்ணிக் கழித்துக்கொண்டார்.

சிங்காநல்லூரில் பஸ் நிரம்பவில்லை.
டிரைவர் டீக்கடையில் நிற்கிறார்.
போனில் ஒரு படம்:
என் பென்சில், அவள் சிவப்பு,
அடியில் புதிதாய் ஒரு பச்சை மை: பால் 30.
கூடவே எழுதியிருக்கிறாள்:
"பென்சிலில் எழுதினதும் நான்தான்னு நெனக்கிறா.
நான் ஒண்ணும் சொல்லல."